அரிசிப் பெட்டி



வழக்கமா இந்தப் பக்கத்துல நான் போடுறது அன்னதான விவரம், உபயக்காரர் பட்டியல், கோத்தோங் ரோயோங்குக்கு ஆள் வேணும்ங்கிற அறிவிப்பு, இவ்வளவுதான். இன்னைக்கு ஒரு கொரியா நாடகத்தைப் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம கோயில் அடுப்படிக்கு வந்தவங்களுக்குத் தெரியும். கோபிஸ் நறுக்கிக்கிட்டே, பயத்தங்காய் உடைச்சுக்கிட்டே அக்காமார் பேசுறது பாதி கொரியா நாடகம்தான். அதுவும் பழைய அரண்மனைக் கதைகள். ‘ஜுவல் இன் த பேலஸ்’ வந்த காலத்துல ஆரம்பிச்சது. அரண்மனை அடுப்படியில வேலை பார்க்குற பொண்ணு கதைங்கிறதால நம்ம அடுப்படிக்கு அது சொந்தக் கதை மாதிரி. நான் ரொம்ப நாள் கிண்டல் பண்ணியிருக்கேன். “நம்ம புராணத்துல இல்லாத சதியா அக்கா?” அப்படின்னு கேப்பேன். பெரியக்கா ஒருநாள் கத்தியைக் கீழ வச்சுட்டு, “தம்பி, நீங்க ‘யி சான்’ பாருங்க. பார்த்துட்டு வந்து பேசுங்க”ன்னாங்க.

மகள்கிட்ட சொன்னேன். அவ தேடிப் போட்டுக் கொடுத்தா. 77 எபிசோட். பார்த்து முடிக்க நாலு மாசம் ஆச்சு. அப்புறம் ‘தி ரெட் ஸ்லீவ்’, அதுக்கப்புறம் ‘தி த்ரோன்’ங்கிற சினிமா. மூணும் ஒரே குடும்பத்துக் கதை. 250 வருஷத்துக்கு முன்னால கொரியாவுல உண்மையா நடந்தது. அந்த வீட்டு மருமகளே பிற்காலத்துல உட்கார்ந்து எழுதி வச்ச நினைவுக் குறிப்பு இன்னைக்கும் இருக்கு. அதோட ஆங்கில மொழிபெயர்ப்பையும் வாங்கிப் படிச்சேன்.

விஷயம் இதுதான். 1762ஆம் ஆண்டு ஜூலை மாதம். கொரியாவை ஆண்ட யோங்ஜோ ராஜா, தன் ஒரே மகனை, பட்டத்து இளவரசனை, அரண்மனை முற்றத்தில் அரிசி கொட்டி வைக்கிற மரப்பெட்டிக்குள் இறங்கச் சொல்லிப் பூட்டினார். வெயில் காலம். எட்டு நாள். தண்ணி கிடையாது, சாப்பாடு கிடையாது. இளவரசனுக்கு வயது 27.

அரிசிப் பெட்டின்னு படிச்சதும் எனக்கு நம்ம ஸ்டோர் ரூம்ல இருக்குற பழைய மரப்பெட்டிதான் ஞாபகம் வந்துச்சு. மூடியைத் தூக்க ரெண்டு பேர் வேணும். நான் அதுகிட்ட போய் நின்னு கண்ணாலயே அளந்து பார்த்தேன். ஒரு ஆம்பளை உள்ள உட்காரலாம். காலை நீட்ட முடியாது.

யோங்ஜோ கெட்ட ராஜான்னு நினைச்சுடாதீங்க. அதுதான் இந்தக் கதையில மனசை அறுக்கிற இடம். 52 வருஷம் ஆண்டவர். அந்த ஜோசோன் வம்சத்திலேயே அவ்வளவு காலம் ஆண்டவர் வேற யாரும் இல்லை. எளிமையான சாப்பாடு. 1750ல் ஏழைகள் ராணுவ வரியாகக் கட்டிவந்த துணியைப் பாதியாகக் குறைத்தார். அரண்மனையில் ரெண்டு பெரிய கட்சிகள் ஒன்றையொன்று கழுத்தறுத்துக்கொண்டிருந்த காலத்தில் ரெண்டு பக்கத்திலிருந்தும் ஆள் எடுத்து வேலை கொடுத்தார். பாசிப்பயறு மாவில் செய்த வெள்ளைக் கட்டியோட கீரை, முட்டை, இறைச்சி எல்லாத்தையும் நிறம் நிறமாக் கலந்து கொரியாக்காரர்கள் ஒரு பதார்த்தம் செய்வாங்க. அந்த ராஜாவோட ‘எல்லாக் கட்சியும் சேர்ந்து’ங்கிற கொள்கைப் பேரைத்தான் அதுக்கும் வச்சிருக்காங்க.

ஆனா அந்த மனுஷனுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. அவர் அம்மா பட்டத்து ராணி கிடையாது. அரண்மனையில தண்ணி சுமந்த வேலைக்காரின்னு வழிவழியா சொல்லுவாங்க. (‘டோங் யி’ பார்த்தவங்களுக்கு, அந்த டோங் யியோட மகன்தான் இவர்.) அவருக்கு முன்னால ஆண்டது வேற தாய்க்குப் பிறந்த அண்ணன். நோயாளி. நாலு வருஷத்துல போய்ட்டார். சாகுறதுக்கு முன்னால நண்டும் சீமைப் பனிச்சைப் பழமும் சாப்பிட்டார், அதை அனுப்பினது தம்பிதான்னு ஒரு வதந்தி. 1728ல் அதைச் சொல்லியே ஒரு பெரிய கலகம் வந்துச்சு. ஆக, ராஜா நாற்காலியில உட்கார்ந்த நாள் முதல் ‘இவன் தகுதியானவனா’ன்னு ஊரே பார்க்குதுங்கிற நினைப்பு அவரை விட்டுப் போகவே இல்லை. தான் ஒரு தப்பும் பண்ணக்கூடாது. தன் மகனும் ஒரு தப்பும் பண்ணக்கூடாது.

மூத்த மகன் ஒன்பது வயசுல செத்துப் போனான். ஏழு வருஷம் கழிச்சு, 1735ல், தகப்பனுக்கு நாற்பது வயசானபோது பிறந்தவர்தான் இந்த இளவரசர். சாடோ என்கிறது செத்த பிறகு அப்பா வச்ச பேர். ‘துக்கத்தோடு நினைக்கப்படுபவன்’னு அர்த்தம். பெட்டியில பூட்டினவரே வச்ச பேர். ஒரு வயசுலயே பட்டத்துக்கு உரியவன்னு அறிவிச்சு, அப்பா அம்மாகிட்ட இருந்து தள்ளி தனி மாளிகையில வளர்த்தாங்க. குழந்தை நல்ல புத்திசாலி. படம் வரைவான், வாள் சுத்துவான். அப்பாவுக்கு வேண்டியது புத்தகம் மட்டும்.

அந்த மருமகள் பேரு ஹேக்யோங். ஒன்பது வயசுல கல்யாணமாகி வந்தவங்க. மாப்பிள்ளைக்கும் ஒன்பதுதான். அவங்க எழுதி வச்சதுல பெரிய பெரிய சதியை விட சின்னச் சின்ன விஷயம்தான் என்னைத் தூங்க விடலை.

ராஜாவுக்கு அபசகுனப் பயம் அதிகம். நல்ல காரியத்துக்கு ஒரு வாசல், கெட்ட காரியத்துக்கு வேற வாசல். கெட்ட வார்த்தை காதுல விழுந்தா காதைக் கழுவிட்டுத்தான் உள்ள வருவார். சரி, நம்ம வீட்டுப் பெரியவங்களும் துக்க வீட்டுக்குப் போய்ட்டு வந்தா கால் கழுவிட்டுத்தானே நுழையுறாங்க. ஆனா இவர் என்ன செய்வார்னா, மகனைக் கூப்பிட்டு “சாப்பிட்டியா?”ன்னு கேப்பார். அவன் பதில் சொன்ன உடனே, அங்கேயே, காதைக் கழுவுவார். அந்தத் தண்ணியைப் பிடிக்காத இன்னொரு மகள் வீட்டுப் பக்கமா ஊத்தச் சொல்லுவார். அந்த அக்காகிட்ட சாடோ, நாம ரெண்டு பேரும் அப்பாவுக்குக் காது கழுவுற தண்ணிதான்னு சொல்லிச் சிரிச்சிருக்கார்.

சிரிச்சிருக்கார். அதை நினைச்சுப் பாருங்க.

14 வயசுல மகனை ராஜ்ய வேலையில உட்கார வச்சார். மகன் தானா முடிவெடுத்தா, “என்னைக் கேக்காம எப்படிச் செய்வே?” வந்து கேட்டா, “இந்தச் சின்ன விஷயத்துக்குக் கூட என்கிட்ட வரணுமா?” இது எல்லாமே மந்திரிகள் முன்னால. மழை பெய்யலைன்னா கூட உன் ஒழுக்கக்கேடுதான் காரணம்னு திட்டு. இளவரசன் வானத்தைப் பார்த்துப் பயப்பட ஆரம்பிச்சான்.

‘யி சான்’ நாடகத்துல, ‘ரெட் ஸ்லீவ்’ல எல்லாம் இதுக்குப் பெரிய சதிக் கூட்டம் ஒண்ணு காட்டுவாங்க. நோரோன் கட்சி மந்திரிகள், ராஜாவோட செல்ல மகள் ஹ்வாவான், அப்புறம் இளம் ராணி. ராணி விஷயம் உண்மையிலேயே விசித்திரம். 1759ல் ராஜா மறுகல்யாணம் பண்ணினபோது அவருக்கு 64, பொண்ணுக்கு 13. இளவரசரை விட பத்து வயசு சின்னவங்க, அவருக்கு அம்மா ஸ்தானம். அவங்க பிறந்த வீட்டுக்கும் இளவரசரோட மாமனார் வீட்டுக்கும் ஆகாது. நாடகத்துக்கு வேற என்ன வேணும்? நம்ம அடுப்படியில ஹ்வாவான் பேர் வந்தாலே பெரியக்கா கத்தி வேகமாப் போகும்.

சதி இல்லைன்னு நான் சொல்ல வரலை. இளவரசரைக் கவிழ்க்கக் காத்துக்கிட்டிருந்தவங்க இருந்தாங்க. 1762ல் அவர் மேல புகார் எழுதிக் கொடுத்தவன் ஒருத்தன் இருந்தான். வரலாறு எழுதுறவங்கள்ல சில பேர் இது முழுக்கக் கட்சிச் சண்டைதான், இளவரசருக்குப் பைத்தியம்னு சொல்றதே கட்டுக்கதைன்னு வாதாடுறாங்க. மருமகள் எழுதினதையும் அப்படியே வேதவாக்கா எடுத்துக்க முடியாது. அவங்க அப்பாவே பெரிய மந்திரி. அரிசிப் பெட்டி யோசனையைக் கொடுத்ததே அவர்தான்னு ஊர்ல பேச்சு வந்துச்சு. அது பொய்னு நிரூபிக்கத்தான் அந்தம்மா பக்கம் பக்கமா எழுதுறாங்க. அவங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கு.

இருந்தாலும் எனக்கு அவங்க சொல்றதுதான் உண்மையாப் படுது. சதிக்காரன் வெளியில இருந்து கதவைத் தட்டலாம். அந்த வீட்டுக்குள்ள இருபது வருஷமா நடந்ததை எந்த மந்திரியும் வந்து நடத்தலை.

இளவரசருக்கு மனசு கெட்டுப்போச்சு. ஒரு மந்திரப் புத்தகத்தைப் படிச்சுட்டு இடி தெய்வம் கண்ணுல தெரியுதுன்னு நடுங்குவார். இடிச் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டுக் குப்புறப் படுத்துக்குவார். துணி போட்டுக்கவே பயம். ஒரு ஜோடி உடுத்தப் பல ஜோடி எடுத்து வைக்கணும், சிலதை எரிக்கணும். 1757ல் அவருக்கு ஆதரவா இருந்த பாட்டி ராணியும் பெரிய ராணியும் ஒரே வருஷத்துல செத்துப் போனாங்க. அந்த வருஷம்தான் முதல் கொலை. ஒரு அரண்மனை வேலைக்காரரோட தலையைக் கொண்டுவந்து மனைவிகிட்ட காட்டினார். அப்புறம் நிறுத்த முடியலை. 1761ல் துணி மாத்திவிட்டுக்கிட்டிருந்த தன் சொந்த ஆசைநாயகியையே அடிச்சுக் கொன்னார். அந்தப் பொண்ணுக்கு அவரால பிறந்த குழந்தை இருந்துச்சு. இதையெல்லாம் நாடகத்துல முழுசாக் காட்ட மாட்டாங்க. பாவப்பட்ட இளவரசன்னு மட்டும் காட்டுவாங்க. செத்த வேலைக்காரங்களுக்கும் வீடு வாசல் இருந்திருக்கும்.

கடைசியில ராஜாகிட்ட போய், இனி விட்டா ஆபத்து, பேரனையாவது காப்பாத்துங்கன்னு சொன்னது யார் தெரியுமா? இளவரசரைப் பெத்த அம்மா. ‘ரெட் ஸ்லீவ்’ல ஆரம்பத்துல ஒரு பெரியம்மா செத்துப்போவாங்களே, அவங்கதான். மகன் செத்து ரெண்டே வருஷம். 1764ல் போய்ட்டாங்க.

ஏன் பெட்டி? குற்றவாளின்னு தீர்ப்புச் சொல்லிக் கொன்னா, சட்டப்படி மனைவி மகனும் குற்றவாளி ஆயிடுவாங்க. ஒன்பது வயசுப் பேரன்தான் பட்டத்துக்கு உரிய வாரிசு. அதனால தீர்ப்பு இல்லை, வெட்டுறவன் இல்லை, விஷம் இல்லை. பெட்டி மட்டும். ராஜா முதல்ல நீயே உயிரை விடுன்னு மகனுக்குச் சொன்னார். கூட இருந்த ஆசிரியர்கள் தடுத்தாங்க. அப்புறம்தான் பெட்டி வந்துச்சு. பையன் ஓடிவந்து, தாத்தா, அப்பாவை விட்டுடுங்கன்னு கெஞ்சினான். தூக்கிட்டுப் போய்ட்டாங்க. இடிக்குப் பயந்த அந்த மனுஷன் பெட்டிக்குள்ள கிடந்தப்போ வெளியில இடியோட மழை பெஞ்சதாம். மனைவி எழுதியிருக்காங்க.

‘தி த்ரோன்’ படம் முழுக்க அந்த எட்டு நாள்தான். ஒவ்வொரு நாளா நகரும், நடுநடுவே பழைய கதை வரும். சோங் காங்-ஹோ அப்பாவா நடிச்சிருக்கார். நான் அந்தப் படத்தை ஒரே மூச்சுல பார்க்கலை. பாதியில நிறுத்திட்டு வெளிய போய் காருக்குப் பக்கத்துல நின்னுட்டு வந்தேன்.

இப்போ என் கதைக்கு வர்றேன். மகன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால தைப்பூசம். நம்ம தண்ணீர்ப் பந்தல். ஐஸ் தீர்ந்துபோச்சு. மகனை மோட்டார்ல அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம். பக்தர்கள் வரிசையில நிக்கிறாங்க, மோர் சூடா இருக்கு, நிர்வாகத்துப் பெரியவர் ஒருத்தர் என்னைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போறார். எனக்கு அதுதான் தாங்கலை. பையன் வந்து மூட்டையை இறக்கினான். பாதி கரைஞ்சிருந்துச்சு. நான் கத்தினேன். இருபது முப்பது பேர் முன்னால. என்ன சொன்னேன்னு இங்க எழுத மாட்டேன். “ஒரு வேலைக்கும் லாயக்கில்லை”ங்கிறதுதான் அதுல மரியாதையான வார்த்தை.

அவன் ஒண்ணும் பேசலை. கையைத் துடைச்சுக்கிட்டுப் போனான். பிறகு மகள் சொல்லித்தான் தெரியும். ரோடு எல்லாம் அடைச்சிருந்தாங்களாம். மோட்டாரை எங்கேயோ விட்டுட்டு, மூட்டையைத் தோள்ல வச்சு நடந்தே வந்திருக்கான்.

அன்னையில இருந்து கோயிலுக்குள்ள வர்றதில்லை. வெள்ளிக்கிழமை பாட்டியைக் கொண்டுவந்து வாசல்ல விடுவான். பூசை முடியுற வரைக்கும் கார்லயே உட்கார்ந்திருப்பான். “சாமி மேல கோவமாடா?”ன்னு என் அம்மா கேட்டதுக்கு, “சாமி மேல என்ன கோவம் பாட்டி”ன்னானாம்.

அந்த ராஜாவோட என்னை ஒப்பிடுறது கொஞ்சம் ஓவர்தான், தெரியும். ஆனா ‘கேட்டாலும் திட்டு, கேக்காட்டியும் திட்டு’ங்கிற இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டேன். பந்தலுக்கு எத்தனை பேக்கெட் சீனி வாங்கணும்னு அவன் போன் பண்ணிக் கேட்டா நான் என்ன சொல்லுவேன், கேக்காம வாங்கிட்டு வந்தா என்ன சொல்லுவேன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஹேக்யோங் அம்மா செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லியே ஆகணும். புருஷன் செத்த பிறகு, தன் பையனைத் தாத்தா அரண்மனைக்கே அனுப்பி வச்சாங்க. புருஷனைக் கொன்னவர்கிட்டயே. தகப்பனும் மகனும் தள்ளித் தள்ளி இருந்ததாலதான் இவ்வளவும் வந்துச்சு, பேரனாவது கண்ணு முன்னால வளரட்டும்னு கணக்குப் போட்டாங்க. தான் பிள்ளையைப் பிரிஞ்சு இருந்தாங்க. அரண்மனைச் சூழ்ச்சின்னா எனக்கு இதுதான் பெரிய சூழ்ச்சி. ஒரு தாய் செஞ்சது. அது பலிச்சது. மகன்கிட்ட தோத்துப்போன அந்தக் கிழவர் பேரனை உட்கார வச்சுப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆனா 1764ல் அந்தப் பையனைச் சட்டப்படி, சின்ன வயசுல செத்துப்போன பெரியப்பாவுக்குப் பிள்ளைன்னு மாத்தி எழுதிட்டார். பெத்த அப்பா பேரே இல்லை.

அந்தப் பையன்தான் யி சான், ஜோங்ஜோ ராஜா. 1776ல் பட்டத்துக்கு வந்த அன்னைக்கே, எல்லா மந்திரியும் நிக்கும்போது, தான் சாடோ இளவரசரின் மகன்னு வாய் திறந்து சொன்னார். பெட்டியை வேடிக்கை பார்த்தவங்க பல பேர் அந்தக் கூட்டத்துலயே நின்னிருப்பாங்க. ஆனா பெரிய பழிவாங்கல் எதுவும் அவர் நடத்தலை. தன்னைக் கவிழ்க்கப் பார்த்தவங்களைத் தண்டிச்சார், அதுல அம்மாவோட சித்தப்பாவும் ஒருத்தர். அடுத்த வருஷமே அவர் படிக்கிற அறைக் கூரை மேல கொலைகாரங்க ஏறினாங்க. ராத்திரி தூங்காம புத்தகம் படிக்கிற பழக்கம் அவருக்கு. அதனால பிழைச்சார்.

நம்ம அன்பர்களுக்கு இது பிடிக்கும். 1789ல் அப்பாவோட சமாதியை நல்ல இடம் பார்த்து சுவோன் பக்கம் மாத்தினார். அடுத்த வருஷம் அதுக்குப் பக்கத்துலயே யோங்ஜுசான்னு ஒரு புத்தர் கோயிலை எழுப்பினார். புத்த மதத்தை ஒதுக்கி வச்சிருந்த அரசாங்கத்துல ராஜாவே கட்டின கோயில். பெத்தவங்களோட கருணையைச் சொல்ற சூத்திரத்தைப் பலகையில செதுக்கி அங்கே வச்சார். 1794ல் இருந்து 1796 வரைக்கும் சுவோன்ல ஒரு கோட்டையும் கட்டினார், வேலை செஞ்சவங்களுக்குக் கூலி கொடுத்து. இன்னைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம். 1795ல் அம்மாவோட அறுபதாவது பிறந்த நாளை அங்கே கொண்டுபோய் நடத்தினார். போகவர எட்டு நாள். அம்மாவுக்கு விருந்து, ஊர்ல இருக்குற வயசானவங்களுக்கு விருந்து, ஏழைகளுக்கு வாசல்ல அரிசி. அரிசி அளந்து கொடுக்கிறதைப் படமா வரைஞ்சே வச்சிருக்காங்க.

எட்டு நாள். அரிசி. அவர் கணக்குப் பார்த்துச் செஞ்சாரான்னு எனக்குத் தெரியாது. பெரியக்கா அதைக் கேட்டதும் முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க, வெங்காயம்னு சொல்லிட்டாங்க.

அந்தம்மா எழுத ஆரம்பிச்சதும் அதே 1795லதான். 1800ல் மகனும் போய்ட்டார். அந்த இளம் ராணி கைக்கு ஆட்சி வந்துச்சு. 1801ல் அம்மாவோட தம்பியைக் கொன்னாங்க. அதுக்கப்புறமும் எழுதினாங்க, 1805 வரைக்கும், எழுபது வயசுல.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் நானே சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனேன். எப்பவும் மகள்தான் கொண்டுபோவா. கார் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினான்.

“சாப்பிட்டியா?”ன்னு கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யார் கேட்ட கேள்வின்னு உறைச்சுது.

“இன்னும் இல்லப்பா.”

கொஞ்ச நேரம் நின்னேன். “அன்னைக்கு ஐஸ் விஷயத்துல தப்பு என் மேலதான்டா”ன்னேன். இதைச் சொல்ல எனக்கு ரெண்டு வருஷமும் ஒரு கொரியா ராஜாவும் தேவைப்பட்டிருக்கு.

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம், “பாட்டி வராங்க, அந்தப் பக்கக் கதவைத் திறந்து விடுங்கப்பா”ன்னான். திறந்து விட்டேன். போய்ட்டாங்க.

பொட்டலம் காலியா வந்துச்சுன்னு மகள் சொன்னா.

இந்த வெள்ளிக்கிழமை சாம்பார் சாதம், கோபிஸ் பொரியல், பாயசம். காய் நறுக்க அஞ்சாறு பேர் வேணும், நாலு மணிக்கு வந்துடுங்க. ‘ரெட் ஸ்லீவ்’ கடைசி எபிசோட் பார்க்காதவங்க ரெண்டு பேர் அடுப்படியில இருக்காங்க. தயவு செஞ்சு முடிவைச் சொல்லிடாதீங்க.